பெங்களூரில் பன்னிரண்டு கோழி: தீனிச் செலவில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்

முதலில் உங்கள் நிலைமையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கே.ஆர்.புரம் தாண்டி தனி வீடு, பின்பக்கம் வலை அடித்த கொஞ்சம் இடம். ஆறு பழுப்பு முட்டைக்கோழி, நாலு நாட்டுப் பெட்டை, இரண்டு சேவல். கம்பெனி லேயர் தீவனம் (முட்டையிடும் கோழிக்கானது) விலை ஏறிவிட்டதால் அதில் பாதிக்குப் பாதி அரிசியும் ராகியும் கலக்கிறீர்கள். அதோடு வீட்டு மிச்சமும் போகிறது. இரண்டு மாதமாக முட்டை குறைந்திருக்கிறது, ஓடு மெலிந்து கை பட்டாலே விரிகிறது, கோழிகள் ஒன்றை ஒன்று இறகு பிடுங்குகின்றன. தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாச் செடியை வளர்த்தால் தீவனமே வாங்க வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது உண்மையா என்று கேட்கிறீர்கள்.

உண்மை இல்லை. அசோலாவுக்கு அப்புறம் வருகிறேன். முட்டை குறைந்தது, ஓடு மெலிந்தது, இறகு பிடுங்குவது மூன்றுக்கும் பெரும்பாலும் அந்தக் கலப்புதான் காரணம். லேயர் தீவனத்தில் புரதம் சுமார் 17 சதவீதம், கால்சியம் மூன்றரையிலிருந்து நாலு சதவீதம். அரிசியிலும் ராகியிலும் புரதம் ஏழு எட்டு சதவீதம்தான். சரிபாதி கலந்தால் புரதம் 12 சதவீதத்துக்கும், கால்சியம் இரண்டு சதவீதத்துக்கும் இறங்கிவிடும். ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. கோழி தின்னும் கால்சியத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். ஒரு நாளைக்கு 115 கிராம் தின்னும் கோழிக்கு உங்கள் கலவையில் கிடைப்பது இரண்டு கிராம் சொச்சம், அதில் சேர்வது ஒரு கிராம். மீதியை அது தன் எலும்பிலிருந்து எடுக்கிறது. எலும்பும் தீர்ந்தால் ஓடு மெலியும், பிறகு முட்டையே நிற்கும்.

ராகியில் கால்சியம் ஏராளம் என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மனிதனுக்கு அது சரி. 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, வேறெந்தத் தானியத்திலும் அவ்வளவு கிடையாது. ஆனால் அது 0.35 சதவீதம். முட்டைக்கோழிக்கு வேண்டியது அதைப்போல் பத்து மடங்கு.

இந்தக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தீனிச் செலவைக் குறைக்க நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் மலிவான தானியத்தைத்தான் தேடுகிறார்கள். தானியத்தில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. தீவனத்தில் விலை கூடிய சரக்கு புரதம்தான். அதை எங்கே மலிவாகப் பிடிக்கலாம் என்று பாருங்கள். கால்சியம் எப்போதுமே மலிவு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

புரதத்தை விலை போட்டுப் பார்க்கும் விதம் இது. கணக்குக்காக மக்காச்சோளம் கிலோ 28 ரூபாய், கடலைப் புண்ணாக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோளத்தில் 9 சதவீதம் புரதம், ஆக 100 கிராம் புரதத்துக்கு 31 ரூபாய் ஆகிறது. புண்ணாக்கில் 42 சதவீதம், ஆக 12 ரூபாய். கிலோ விலையில் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிகிற சரக்கு, புரதக் கணக்கில் பாதிக்கும் குறைவு. உங்கள் கடை விலையைப் போட்டு இதே மாதிரி சோயா புண்ணாக்கு (45 சதவீதம்), எள்ளுப் புண்ணாக்கு (35 முதல் 40), உப்பில்லாக் கருவாட்டுத் தூள் (45-க்கு மேல்) எல்லாவற்றையும் பாருங்கள். தேங்காய்ப் புண்ணாக்கில் 20 சதவீதம் சொச்சம்தான், நார் அதிகம்.

ஒரே புண்ணாக்கை நம்பக் கூடாது. கடலையிலும் சோயாவிலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, எள்ளிலும் மீனிலும் அது தாராளம். இறகு பெரும்பாலும் புரதம், அதிலும் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் நிறைய. உள்ளே பற்றாக்குறை வந்தால் கோழி பக்கத்துக் கோழியின் இறகைத் தின்னப் பார்க்கும். நெருக்கடி, உண்ணி, உப்புக் குறைவு இவையும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரும் என்பதால் அவற்றையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கம்பெனி லேயர் தீவனத்தை அப்படியே போட்டு, மற்றதெல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது. பன்னிரண்டு கோழிக்கு இதுவே நிம்மதி. இரண்டாவது, நீங்களே கலப்பது. 10 கிலோவுக்கு நான் சொல்லும் அளவு: உடைத்த மக்காச்சோளம் 5.3 கிலோ (இதில் ஒன்றரைக் கிலோ வரை ராகி, நொய், கம்பு என்று எது மலிவோ அதை மாற்றிக்கொள்ளலாம்), அரிசித் தவிடு 1 கிலோ, சோயா புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, கடலை அல்லது எள்ளுப் புண்ணாக்கு அரைக் கிலோ, கருவாட்டுத் தூள் 400 கிராம், கிளிஞ்சல் 950 கிராம், கோழிக்கான தாது உப்புக் கலவையும் வைட்டமினும் சேர்த்து 250 கிராம், சமையல் உப்பு 30 கிராம். கருவாடு உப்புப் போட்டதாக இருந்தால் அந்தச் சமையல் உப்பை விட்டுவிடுங்கள். இது 16.5 சதவீதப் புரதமும் மூன்றரை சதவீதத்துக்கு மேல் கால்சியமும் தரும். கருவாட்டைக் கூட்டினால் முட்டையில் மீன் வாடை வரும், அதனால் அந்த அளவிலேயே நிறுத்துங்கள்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது: லேயர் கான்சன்ட்ரேட். புரதம், தாது, வைட்டமின் எல்லாம் அடக்கமாகச் சேர்த்த மூட்டை. அதோடு எவ்வளவு சோளம், தவிடு, கிளிஞ்சல் சேர்க்க வேண்டும் என்று மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும். சோளத்தை யஷ்வந்த்பூர் மண்டியிலோ ஹொசகோட்டை பக்கம் விளைவிக்கிறவர்களிடமோ மொத்தமாக எடுக்க முடிந்தால் முழுத் தீவனத்தைவிட இது குறைவாகவே வரும். அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருக்கும் இரண்டு வீடு சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது. பத்துப் பதினைந்து கிலோவுக்காக ஆட்டோ பிடித்து மண்டிக்குப் போனால் மிச்சம் பிடித்தது ஆட்டோவுக்கே போய்விடும்.

மாட்டுத் தீவனம் விற்கும் ஹிண்டி (புண்ணாக்கு), பூசா (தவிடு) கடைகளில் வாங்கும்போது கவனம். கலவை மாட்டுத் தீவனத்தில் யூரியா சேர்ப்பதுண்டு. மாட்டின் வயிறு அதைப் புரதமாக்கிக்கொள்ளும், கோழிக்கு அது விஷம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் வேண்டாம், அதில் இருக்கும் காசிப்பால் மஞ்சள் கருவைப் பச்சையாகவோ பழுப்பாகவோ ஆக்கும். உரக்கடையில் செடிக்கு விற்கும் கடலைப் புண்ணாக்கு மலிவாக இருக்கும். பழசாகிப் பூஞ்சணம் ஏறிய சரக்கு அங்கேதான் போய்ச் சேரும், அதைத் தொடவே தொடாதீர்கள்.

பூஞ்சணத்தை இந்த ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெங்களூரில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. கடலைப் புண்ணாக்கிலும் சோளத்திலும் வளரும் பூஞ்சணம் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம். அந்த நஞ்சுக்கே அதற்கப்புறம்தான் பெயர் வைத்தார்கள். கழுவினாலும் வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. கட்டி கட்டியாக, மக்கு வாடையோடு இருக்கும் சரக்கைக் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காமல் 'கொஞ்சமாகக் கலந்துவிடலாம்' என்று நினைக்காதீர்கள். எண்ணெய் எடுக்காத தவிடும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் எதையும் சேர்த்து வைக்க வேண்டாம். மூடி போட்ட டிரம், அடியில் பலகை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

இப்போது அசோலா. நல்ல செடிதான், கெட்ட பெயர் வாங்க வேண்டியது அதை விற்கிறவர்கள். உலர்ந்த அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரதம் என்பது சரி. குளத்திலிருந்து அள்ளும்போது அதில் 94 சதவீதம் தண்ணீர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நாளைக்கு அரைக் கிலோ அள்ளினால் உலர்ந்த சரக்கு 30 கிராம், அதில் புரதம் 7 கிராம். உங்கள் பன்னிரண்டு கோழிக்கும் நாளைக்கு வேண்டிய புரதம் 200 கிராம். அந்த அரைக் கிலோவுக்கே இரண்டு சதுர மீட்டருக்கு மேல் தொட்டி வேண்டும், சாணி வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். 2024 கோடையில் டேங்கர் தண்ணீருக்கு இந்த ஊர் என்ன பாடு பட்டது என்பது உங்களுக்கே தெரியும். மஞ்சள் கருவுக்கு நிறம் வேண்டும், பச்சை வேண்டும் என்றால் முருங்கைக் கீரையோ மார்க்கெட்டில் கழித்துப் போடும் முள்ளங்கி இலையோ போதும். அகத்தியும் சூபாபுலும் ஆட்டுக்கு நல்ல தழை, கோழிக்கு வேண்டாம்.

முளைகட்டிய தானியமும் இதே கதைதான். ஒரு கிலோ சோளம் முளைத்து இரண்டு கிலோவானால் கூடியது தண்ணீர். முளைக்கும்போது விதை தன் மாவுச்சத்தில் கொஞ்சம் செலவழித்துவிடுகிறது, ஆக உலர் எடை குறையத்தான் செய்யும். வைட்டமின் கூடும், கோழி ஆசையாகத் தின்னும், அவ்வளவே. தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்து ஒரு நாள் லேசாகப் புளிக்க வைத்துப் போடுவதை நான் இதைவிட மேலாக நினைக்கிறேன். தூள் பறக்காது, அடியில் தங்கும் தாது உப்பும் வயிற்றுக்குள் போகும். அன்றன்றைக்குத் தீர்கிற அளவு மட்டும் ஊறவையுங்கள்.

இலவசமாகப் புரதம் வேண்டுமென்றால் உங்கள் உரத்தொட்டியைத் திறந்து பாருங்கள். பெங்களூரில் ஈரக் குப்பையை வீட்டிலேயே மக்கவைக்கிறவர்கள் நிறைய. தொட்டியில் பழுப்பு நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிவதைப் பார்த்து அலறி, உப்பும் சுண்ணாம்பும் தூவுகிறார்கள். அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். ஈ வீட்டுக்குள் வந்து சாப்பாட்டில் உட்காராது, கடிக்காது. புழுவின் உலர் எடையில் 40 சதவீதம் புரதம், கால்சியமும் உண்டு. 100 கிராம் புழுவில் 12 கிராம் புரதம் கிடைக்கும், அதாவது முக்கால் கிலோவுக்கும் மேல் அசோலாவுக்குச் சமம். காய்கறிக் கழிவில் வளர்ந்ததை மட்டும் போடுங்கள், இறைச்சிக் கழிவில் வளர்ந்தது வேண்டாம். வாடகைக்கு மேல் மாடியில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், தொட்டியைத் தள்ளி வையுங்கள். நம் ஊர்ப்பக்கம் பானையில் சாணியும் பழைய சாக்கும் போட்டுக் கவிழ்த்துக் கரையான் பிடிப்பதும் இங்கே செம்மண் தரையில் நன்றாகவே நடக்கும்.

இன்னொன்று பெங்களூருக்கே உரியது. இந்த நகரத்தில் பீர் காய்ச்சும் சின்ன பிரூவரிகளுக்குக் குறைவில்லை. வடித்த பிறகு மிஞ்சும் பார்லிச் சக்கையை மாட்டுக்காரர்கள் எடுத்துப் போவார்கள். உலர்ந்த கணக்கில் அதில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். கேட்டால் ஒரு வாளி கிடைக்கலாம். நார் அதிகம் என்பதால் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஈரச் சக்கை ஒரே நாளில் புளித்துக் கெடும், அன்றைக்கே தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைக்க முடிந்தால் மட்டும் இந்த வேலையில் இறங்குங்கள். மழைக்காலத்தில் வேண்டாம்.

மீன் கழிவும் நல்லது. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டிலோ உங்கள் பக்கத்து மீன்கடையிலோ கிடைக்கும் தலையையும் குடலையும் நன்றாக வேகவைத்துப் போடலாம், வாரத்தில் இரண்டு நாள் போதும். கோழிக்கடைக் கழிவை மட்டும், எவ்வளவு வேகவைத்தாலும், கோழிக்குப் போடாதீர்கள். வெள்ளைக்கழிச்சலை உங்கள் கையாலேயே கொட்டகைக்குள் கொண்டுவந்து விடுவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

வீட்டு மிச்சத்தில் சாதம், சப்பாத்தி, காய்த் தோல் எல்லாம் சரி, அளவோடு. ஹோட்டல் சாம்பாரும் ஊறுகாயும் உப்பு. பேக்கரியில் மூட்டையாகத் தரும் பழைய ரொட்டி சர்க்கரையும் மைதாவும்தான், அதைத் தின்ற கோழி கொழுத்து முட்டையை நிறுத்தும். பட்டர் ஃப்ரூட்டின் தோலும் கொட்டையும், பச்சையேறிய உருளைத்தோலும், வேகாத அவரைக்கொட்டையும் கூடாது. அவரைக்காய் சீசனில் தோல் மலை மலையாகக் கிடைக்கும், அதைத் தாராளமாகப் போடலாம், கொட்டை கலந்திருந்தால் வேகவைத்துவிடுங்கள்.

கால்சியத்துக்குத் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல் குருணையோ எப்போதும் இருக்கட்டும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது, அதனால் சாயங்காலம் அடைவதற்கு முன் கோழி அதைத் தேடித் தின்னும். தூளைவிடக் குருணை மேல், அரைப்பையில் தங்கி இரவு முழுக்க மெதுவாகக் கரையும். வீட்டு முட்டையோட்டைக் காயவைத்து நொறுக்கியும் போடலாம், ஆனால் நீங்கள் உண்ணும் முட்டைகளின் ஓடு மட்டும் போதவே போதாது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடாது, வாயும் குடலும் வெந்துவிடும்.

அப்புறம், தீனி வாங்கும் விலையைவிட, வாங்கிய தீனி எங்கே போகிறது என்பது முக்கியம். உங்கள் கொட்டகையில் ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ செலவாகும்: ஆறு முட்டைக்கோழி 690 கிராம், நாலு நாட்டுப் பெட்டை 340, இரண்டு சேவல் 220. மாதம் 37, 38 கிலோ. இதற்கு மேல் தீர்ந்தால் மிச்சத்தைத் தின்பது எலியும் புறாவும். ஒரு எலி நாளைக்கு 20 கிராம் அளவுக்குத் தின்னும், பத்து எலி இருந்தால் இரண்டு கோழியின் பங்கு போயிற்று, சிறுநீர் பட்டுக் கெடுவது தனி. தொட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிடுங்கள், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ராத்திரி எடுத்து உள்ளே வையுங்கள். இது ஒன்றைச் செய்தாலே மாதச் செலவில் வித்தியாசம் தெரியும்.

இரண்டு சேவல் எதற்கு என்றும் யோசியுங்கள். முட்டையிடச் சேவலே தேவையில்லை, குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் வேண்டும், அதற்கும் ஒன்று போதும். இரண்டும் சேர்ந்து மாதம் ஆறரைக் கிலோ தின்கின்றன. நாட்டுக்கோழிக் கணக்கும் மனசுக்குப் பிடிக்காததுதான். கிலோ 40 ரூபாய் தீவனம் என்று வைத்தால், வருஷம் 42 கிலோ தின்று 290 முட்டையிடும் பழுப்புக்கோழியின் ஒரு முட்டைக்குத் தீனிச் செலவு ஆறு ரூபாய்க்குள். 31 கிலோ தின்று 70 முட்டையிடும் நாட்டுப் பெட்டைக்குப் பதினேழு பதினெட்டு ரூபாய். கிராமத்தில் அது களத்திலும் குப்பைமேட்டிலும் மேய்ந்து பாதியைத் தானே சம்பாதித்துக்கொள்ளும். வலைக்குள் அடைத்த பெங்களூர்ப் பின்வாசலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ருசிக்காகவும் அடைகாக்கவும் இரண்டு நாட்டுப் பெட்டை வைத்துக்கொள்ளுங்கள், லாபம் பார்க்காதீர்கள். புதிதாகக் குஞ்சு எடுக்கும் எண்ணம் இருந்தால் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவாக்கிய கிரிராஜா, சுவர்ணதாரா போன்றவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஹெசரகட்டாவில் இருக்கும் மத்திய அரசின் கோழிவளர்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

அப்படிக் குஞ்சு வந்தால் அதற்கு லேயர் தீவனம் போட்டுவிடாதீர்கள். முட்டையிடத் தொடங்காத கோழிக்கு ஒரு சதவீதக் கால்சியமே போதும், நாலு சதவீதம் போனால் சிறுநீரகம் கெடும். ஸ்டார்ட்டர் (குஞ்சுத் தீவனம்), பிறகு குரோவர் (வளரும் கோழிக்கான தீவனம்) என்றுதான் போக வேண்டும். பெரிய கோழிகளோடு சேர்த்து வளர்க்க வேண்டிய கட்டாயம் வந்தால், எல்லாவற்றுக்கும் குரோவர் போட்டு, கிளிஞ்சலைத் தனியாக வைத்துவிடுங்கள். குஞ்சு அதில் அதிகம் வாய் வைக்காது.

உங்கள் பழைய கலவையிலிருந்து புதியதுக்கு ஒரே நாளில் மாறாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். கிளிஞ்சல் கிண்ணத்தை மட்டும் இன்றைக்கே வைத்துவிடலாம். ஓடு ஒன்றிரண்டு வாரத்தில் கெட்டிப்படத் தொடங்கும். முட்டை எண்ணிக்கை ஏற அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும், டிசம்பர் ஜனவரியில் பகல் குறுகியிருப்பதால் அப்போது எந்தத் தீனி போட்டாலும் குறையத்தான் செய்யும். கிளிஞ்சலும் நல்ல தீவனமும் மூன்று வாரம் போட்ட பிறகும் ஓடு சுருங்கிக் கோணலாக வந்தாலோ, கோழி மூச்சிழுத்தாலோ அது தீனிக் கோளாறு இல்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்.